கோப்பிக் கடையும் கடன் கொப்பியும்

சகோதரிகளே, வீட்டு முன்னறையைச் சின்னக் கோப்பிக் கடையாக்க நினைக்கும் கொட்டாஞ்சேனைக் குடும்பங்கள் முதலில் பெயர்ப்பலகைக்குத்தான் காசைக் கொட்டுகின்றன. பலகையைப் பார்த்து ஒருவர் ஒரு தடவை வருவார். மறுநாளும் அவரை வரவழைப்பது பழக்கம்.

பழக்கத்தின் பலத்தைப் பாருங்கள். 1869இல் தலைகாட்டிய இலைநோய் இலங்கையின் கோப்பித் தோட்டங்களை அழித்து, தேயிலைக்கு வழிவிட்டது. ஆனாலும் சிங்கள மக்கள் தேத்தண்ணிக் கடையை இன்றும் 'கோப்பிக் கடே' என்றே சொல்கிறார்கள்!

ஆகவே, கொத்தமல்லியும் வேர்க்கொம்பும் சேர்த்து இடிக்கும் தூளுக்கு அளவை எழுதி வையுங்கள். இன்று காரமாகவும் நாளை சப்பென்றும் இருந்தால் யார் வருவார்? 'உங்களுக்குச் சீனி இல்லாமல்தானே?' என்று நீங்களே சொல்லிக் கொடுத்தால், அந்த மனிதர் வேறு கடைப் படி ஏறமாட்டார்.

ஊரின் நாட்களும் தெரிந்திருக்க வேண்டும். செவ்வாய்க்கிழமை கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்கு மத பேதமின்றிச் சனம் திரளும்; அன்று பால் கூடுதலாக வேண்டும். சுபஹுத் தொழுகை முடிந்து வருவோருக்குக் கதவு திறந்திருக்க வேண்டும். நோன்பு மாதத்திலோ, வியாபாரம் தராவீஹுக்குப் பிறகுதான்.

இனி, கடன். அடுத்த வீட்டாருக்கு 'இல்லை' என்று சொல்ல வாய் வராது. கொடுங்கள், ஆனால் கொப்பியில் எழுதுங்கள். எழுதச் சொல்லித்தானே நமக்குக் கட்டளையும்! வாரக் கடைசியில் கணக்கைத் தீர்த்துவிடுங்கள். கடன் பெருகினால் அவர் வெட்கப்பட்டு வேறு தெருவால் போகத் தொடங்குவார். காசும் போய், ஆளும் போய்விடுவார்.