கை மோதிரமும் சேதாரக் கணக்கும்

மளிகைக் கடைக்காரர்களுக்கான பக்கத்தில் மோதிரத்தைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று உறுப்பினர்கள் கேட்கலாம். தராசு பிடித்துப் பிழைப்பவர்கள் நாம். கழிவு, சேதாரம் என்ற சொற்கள் நமக்குப் புதியவை அல்ல. ஆனாலும் நகைக் கடையில் போய் உட்கார்ந்ததும் நம் கணக்குப் புத்தியைச் செருப்போடு சேர்த்து வாசலில் விட்டுவிடுகிறோம்.

துவரம் பருப்பைச் சுத்தம் செய்தால் உடைசலும் குருணையும் மாட்டுத் தீவனத்துக்குப் போகின்றன. தூசி மட்டுமே நஷ்டம். மூட்டைக்கு இவ்வளவு போகும் என்று நம் கணக்குப்பிள்ளை வாயிலேயே சொல்லுவார். மோதிரம் செய்வதும் அப்படித்தான். பட்டறையில் ஆசாரி தங்கத்தை மூசையில் உருக்கி, அச்சில் ஊற்றி, அடித்து நீட்டுகிறார். அடிக்க அடிக்க இறுகும். மறுபடி காய்ச்சி இளக்க வேண்டும். பிறகு கம்பியச்சின் துளைகளில் பெரியதிலிருந்து சிறியதாக வரிசையாய் இழுத்து, வளைத்து, வெண்காரம் வைத்துப் பற்றவைத்து, அரத்தால் ராவி மெருகு போடுகிறார். ராவிய பொடி கீழே உள்ள தட்டில் விழுகிறது. அதைக் கூட்டி மறுபடி உருக்குகிறார். உண்மையில் காணாமல் போவது மிகக் கொஞ்சம்.

பெரிய கடைகளில் விற்கும் மோதிரங்களில் பல மெழுகு அச்சில் வார்த்தவை. ஒரே வார்ப்பில் பல மோதிரங்கள் விழும். அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த மோதிரத்துக்கும் சேதாரம் சதவீதத்தில்தான் போடுகிறார்கள். 10 சதவீதம் என்றால் 4 கிராம் மோதிரத்துக்கு 400 மில்லி, 8 கிராமுக்கு 800 மில்லி. வேலை இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றுதானே! 2025ஆம் ஆண்டில் 22 காரட் தங்கம் கிராம் 10,000 ரூபாயைத் தாண்டியது. அந்த விலையில் 400 மில்லி என்பது 4,000 ரூபாய். கிலோவுக்கு ஐம்பது காசு குறைக்கச் சொல்லி நம்மிடம் அரை மணி நேரம் வாதாடுகிற வாடிக்கையாளரும் அங்கே வாய் திறப்பதில்லை. நாமும் திறப்பதில்லை.

எங்கள் வீதியில் இன்னமும் ஒரு பட்டறை இருக்கிறது. ஊதுகுழல் போய் கேஸ் அடுப்பு வந்துவிட்டது, மின்னணுத் தராசும் வந்துவிட்டது. மற்றபடி பழைய முறைதான். எடையை நம் எதிரிலேயே போட்டு, கூலியை ரூபாயில் சொல்லுகிறார். மோதிரத்துக்கு அளவெடுக்கும்போது விரலின் அடியை மட்டும் பார்ப்பதில்லை, கணுவையும் பார்க்கிறார். பட்டை அகலமானால் ஒரு நூல் தளர்வாக வைக்கிறார். விரல் காலையில் ஒரு மாதிரியும் வெயிலில் ஒரு மாதிரியும் இருக்கும் என்பது அவருக்குத் தெரியும். நெளி மோதிரத்தின் வளைவு ஒவ்வொரு கைக்கும் மாறும். இதெல்லாம் கண்ணாடிப் பெட்டியில் அடுக்கிவைத்த மோதிரத்தில் கிடைக்காது.

ஆசாரிகள் மீதும் குறை உண்டு. "நாளைக்கு வாங்க" என்ற ஒரு வார்த்தையாலேயே பாதி வாடிக்கையைக் கடைகளுக்கு அனுப்பிவைத்தார்கள். சீட்டு எழுதித் தருவதில்லை. பற்றாசு அதிகமானால் மாற்றுக் குறையும் என்ற பயமும் மக்களுக்கு உண்டு, அது நியாயமான பயம். 2021 ஜூன் 16 முதல் ஹால்மார்க் கட்டாயமாகத் தொடங்கி, 2023 ஏப்ரல் 1 முதல் ஆறு இலக்க அடையாள எண் இல்லாத நகையைக் கடைகளில் விற்கக் கூடாது என்றாயிற்று. நல்ல சட்டம்தான். 2 கிராமுக்குக் குறைந்த நகைக்கும், ஆண்டு விற்பனை 40 லட்ச ரூபாய்க்கு உட்பட்டவர்களுக்கும் விலக்கு அளித்தார்கள். ஆனால் விலக்கு பெற்றவரிடம் முத்திரை இல்லையே என்று ஜனங்கள் ஒதுங்குகிறார்கள். சலுகையே பாரமான கதை இது.

இந்தத் தொழிலுக்கு இது முதல் அடியும் அல்ல. 1963 ஜனவரியில் மொரார்ஜி தேசாய் நிதியமைச்சராக இருந்தபோது 14 காரட்டுக்கு மேல் நகை செய்யக் கூடாது என்று உத்தரவு வந்தது. பட்டறைகள் அணைந்த அந்த நாட்களை நம் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். 1968இல் வந்த தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1990இல்தான் ரத்தாயிற்று. அதையும் தாண்டி நின்ற பட்டறைக்காரர் இன்று நம்மைப் போன்றவர்கள் திரும்பிப் பார்க்காததால் கதவைச் சாத்துகிறார்.

சூப்பர் மார்க்கெட் வந்து நம் வாடிக்கையாளரை இழுத்துக்கொண்டது என்று கூட்டத்துக்குக் கூட்டம் பேசுகிறோம். அதே வாயோடு, மகள் கல்யாணத்துக்கு மோதிரம் வாங்க நான்கு மாடிக் கடைக்கு வேன் வைத்துப் போகிறோம். தாலிக்கொடியும் ஆரமும் அங்கே வாங்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒரு மோதிரத்தையாவது நம் வீதியில் செய்யக் கொடுக்கலாம் அல்லவா? கொடுக்கும்போது தங்கத்தின் எடை, மாற்று, கூலி, நாள் நான்கையும் சீட்டில் எழுதி வாங்குங்கள். கல் வைத்த மோதிரமானால் கல்லின் எடையைத் தனியே எழுதச் சொல்லுங்கள். சந்தேகமிருந்தால் மதிப்பீட்டு மையத்தில் சோதித்துப் பார்க்கலாம், பொதுமக்களுக்கும் அங்கே வசதி உண்டு.

சங்க ஆண்டு விழாவில் மூத்த உறுப்பினர்களுக்கு மோதிரம் அணிவிக்கும் வழக்கம் இருக்கிறது. இந்த ஆண்டு அந்த மோதிரங்களை உள்ளூர்ப் பட்டறையிலேயே செய்யக் கொடுப்பது என்று செயற்குழு தீர்மானிக்க வேண்டும். கூலியில் பாதியை முன்பணமாகத் தரவும் தயங்கக் கூடாது.