450 கோடி டாலர் நிலத்தில் கோதுமை விதைத்த பெண்!

இடுப்பளவு வளர்ந்த கோதுமை வயல். நடுவே கையில் கோலுடன் ஒரு பெண். பின்னணியில் நியூயார்க்கின் வானுயரக் கட்டடங்கள். இன்று இந்தப் போட்டோவைப் பார்த்தால் 'ஏ.ஐ வேலை' என்று ஸ்க்ரோல் செய்துவிடுவோம். நிஜம்தான். ஆண்டு 1982.

அவர் ஆக்னஸ் டெனஸ். 1931-ல் ஹங்கேரியின் புடாபெஸ்ட்டில் பிறந்தவர். முதலில் எழுதியது கவிதை. நாடு விட்டு நாடு போனதில் தாய்மொழி கைநழுவ, வார்த்தைகளை விட்டுக் கலைக்கு வந்தார்.

நியூயார்க்கில் பொது இடத்தில் ஒரு கலைப்படைப்பு செய்ய 'பப்ளிக் ஆர்ட் ஃபண்ட்' அமைப்பு அவருக்கு வாய்ப்பு தந்தது. இன்னொரு சிலை வைக்க அவருக்கு விருப்பமில்லை. கோதுமை போட்டார்!

இடம், மன்ஹாட்டனின் தென்முனை. உலக வர்த்தக மையக் கட்டடங்களுக்காகத் தோண்டிய மண்ணையும் கல்லையும் ஆற்றோரம் கொட்டி மேடாக்கிய நிலம். பங்குச்சந்தை இருக்கும் வால் ஸ்ட்ரீட் நடக்கிற தூரம்தான். அந்த நிலத்தின் மதிப்பு 450 கோடி டாலர் என்று டெனஸே குறிப்பிட்டிருக்கிறார். அதில் 2 ஏக்கரை எடுத்து, கல்லும் குப்பையும் பொறுக்கி, 200 லாரி மண் அடித்து, கையாலேயே 285 சால் பறித்து விதைத்தார்கள். களை எடுத்தார்கள், உரம் போட்டார்கள், நோய்க்கு மருந்தடித்தார்கள். ஆகஸ்ட் 16-ல் அறுவடை. கிடைத்தது 450 கிலோவுக்குச் சற்று மேல். நம் ஊர் விவசாயி கேட்டால் 'ரெண்டு ஏக்கருக்கு இவ்வளவுதானா?' என்று சிரிப்பார்.

ஆனால், கேள்வி விளைச்சல் பற்றியது அல்ல. கோடிகளில் விலைபோகும் மண்ணில் சோற்றுக்கு விதைத்தால் ஏன் நமக்கு அது விநோதமாகத் தெரிகிறது? வயல் பிளாட் ஆவதைப் பார்த்தே பழகிய நமக்கு, பிளாட் வயலான இந்தக் கதை கொஞ்சம் உறுத்தத்தான் செய்கிறது.

அந்த வயல் இன்று இல்லை. பேட்டரி பார்க் சிட்டி கட்டடங்கள் எழுந்துவிட்டன. வைக்கோல் போலீஸ் குதிரைகளுக்குப் போனது. கோதுமை மணிகள், உலகப் பசிக்கு எதிரான ஒரு கண்காட்சியுடன் 28 நகரங்களைச் சுற்றின. பார்வையாளர்கள் கை நிறைய அள்ளிப்போய் விதைத்தார்கள்.

டெனஸ் அடுத்து ஃபின்லாந்து போனார். சரளைக்கல் தோண்டிப் பாழான இடத்தில் செயற்கைக் குன்று எழுப்பி, 11,000 பேரை வைத்து 11,000 மரங்கள் நட்டார். 1996-ல் வேலை முடிந்தது. நட்ட ஒவ்வொருவருக்கும் ஒரு சான்றிதழ் உண்டு. மரத்தின் உரிமை அவர் வாரிசுகளுக்கும் போகும். 400 வருஷத்துக்கு!