இடைவெளிக்கும் பொருள் உண்டு

பெரார்கஞ்சில் கணினி அறிவியல் பயிலும் மேல்நிலை வகுப்பு மாணவர்க்குப் பைத்தான் மொழி புதியதன்று. அம்மொழியில் ஒரு நிபந்தனைக்கு உட்பட்ட வரிகளைச் சற்று உள்ளே தள்ளி எழுத வேண்டும். அதற்காக ஒரு மாணவர் 'டேப்' விசையை ஒரு முறை அழுத்துவார். அவருடைய தோழர் இடைவெளி விசையை நான்கு முறை அழுத்துவார். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். ஆனால், இரண்டும் ஒரே பகுதியில் கலந்துவிட்டால் கணினி பிழை காட்டி நின்றுவிடும். செயல்திட்டத்தை ஒப்படைக்க வேண்டிய நாளில், கண்ணுக்குப் புலப்படாத பிழையை இருவரும் தேடித் தவிக்க நேரும்.

பிற மொழிகளில் இத்தகைய கண்டிப்பு இல்லை. எனவே, அங்கே அவரவர் விருப்பமே பெரும் பூசலாகிறது. சி மொழியை அறிமுகப்படுத்திய 1978ஆம் ஆண்டு நூலில், நிபந்தனை வரியின் இறுதியிலேயே நெளிவு அடைப்புக்குறி தொடங்கும். அதனைத் தனி வரியில் இடுவதே அழகு என்பார் வேறு சிலர். லினக்ஸ் கருநிரலில் உள்தள்ளல் எட்டு எழுத்தின் அகலம் உடையது. 2001இல் வெளிவந்த பைத்தான் நடை வழிகாட்டியோ நான்கு இடைவெளி போதும் என்கிறது. ஒரு வரி 79 எழுத்தைத் தாண்டலாகாது என்றும் வரையறுக்கிறது. 80 ஏன் ஆகாது என்று வினவுவோர்க்கு இன்றும் குறைவில்லை.

நிரல் இயங்கினால் போதாதா, இத்துணை வாதம் எதற்கு என்று கேட்கலாம். ஓலைச்சுவடியைப் படிக்க முயன்றவர் அவ்வாறு கேட்கமாட்டார். ஓலை கிழிந்துவிடும் என்பதால் அதில் புள்ளி இடுவதில்லை. சொற்களுக்கு இடையே இடைவெளி விடுவதும் இல்லை. துணைக்காலும் ரகரமும் ஒரே வடிவில் இருந்தமையால், 'சாபம்' என்பதைச் 'சரபம்' என்றும் படிக்கலாம். எழுதியவருக்கு ஐயம் இருந்திராது. பிற்காலத்தில் படித்தவரே இடர்ப்பட்டார். 1887இல் சீவகசிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே.சாமிநாதையர் போன்றோர் அச்சேற்றும் முன் கடக்க வேண்டியிருந்த தடைகளுள் இதுவும் ஒன்று. எழுத்து முறை எழுதுபவரின் வசதிக்கு மட்டும் உரியதன்று என்பதற்கு இதனினும் வலிய சான்று வேண்டுமோ?

தமிழ் இதற்குத் தீர்வும் கண்டிருக்கிறது. எகர ஒகரங்களின் குறில் நெடில் வேறுபாட்டை 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் தெளிவாக்கினார். பெரியார் தம் 'குடிஅரசு' இதழில் 1935 முதல் கையாண்ட எழுத்துச் சீர்திருத்தத்தைத் தமிழ்நாடு அரசு 1978இல் ஏற்றது. 'லை', 'ணை', 'னை', 'றா' முதலிய 13 எழுத்துகள் இன்றைய வடிவம் பெற்றன. பழைய வடிவில் பழகிய கைகளுக்கு இது எளிதாக இருந்திராது. பாட்டனாரின் பழைய கடிதத்தில் துதிக்கை தூக்கியதுபோல் நிற்கும் லைகாரத்தைக் கண்டு பெயர்த்தி திகைப்பதும் இதன் விளைவே. ஆதலால், பொது முறை வேண்டும் எனினும், பழையதைப் படிக்கும் பயிற்சியைக் கைவிடலாகாது.

2009இல் அறிமுகமான கோ மொழியினர் இப்பூசலை வேறு வழியில் அடக்கினர். நிரலை ஒரே ஒழுங்கில் அடுக்கும் கருவியை மொழியுடனேயே அளித்தனர். அதன் அடுக்குமுறை எல்லார்க்கும் பிடித்ததன்று. ஆயினும் வாதம் ஓய்ந்தது.

தமிழ் வகுப்பறையில் அத்தகைய கருவி இல்லை. 'சொல்லிக்கொண்டிருந்தான்' என்பதைச் சேர்த்தெழுதச் சொல்லும் ஆசிரியர் மாற்றலாகிச் சென்றபின், பிரித்தெழுதச் சொல்லும் ஆசிரியர் வருவதுண்டு. இருவர் முறைக்கும் காரணம் இருக்கலாம்; மதிப்பெண் இழப்பவர் மாணவரே. எம்முறை ஏற்கப்படும் என்பதை ஆண்டின் முதல் வகுப்பிலேயே கரும்பலகையில் எழுதிக் காட்டுவதும், அதனை ஆண்டு முழுவதும் மாற்றாதிருப்பதும் ஆசிரியரின் கடமை. கணினி அறையிலும் அவ்வாறே, முதல் வரியைத் தட்டச்சு செய்யும் முன்னரே தோழர் இருவரும் 'டேப்' விசையா, இடைவெளி விசையா என்று முடிவு செய்துகொள்ள வேண்டும்.