உறுமுவது துரோகம் அன்று

கட்டிலுக்கு அடியில் படுத்திருக்கும் நாய் வீட்டுக்காரரைப் பார்த்தே உறுமினால், பசறையிலும் ஹாலிஎலயிலும் அப்புத்தளையிலும் பலர் முதலில் தேடுவது தடியைத்தான். "சோறு போட்ட கையையே கடிக்க வருகிறது. யார் எஜமான் என்று காட்டினால்தான் அடங்கும்" என்பது அவர்கள் சொல்லும் நியாயம். அந்த நியாயம் பிழையானது. பிள்ளைகள் உள்ள வீட்டில் அது ஆபத்தானதுமாகும்.

உறுமல் என்பது நாயின் எச்சரிக்கை. "அருகே வராதே" என்று சொல்ல அதற்கு வேறு மொழி கிடையாது. அடித்தால் அச்சம் போகாது, எச்சரிக்கைதான் போகும். அடுத்த முறை அது ஓசையின்றிக் கடிக்கும். பந்து பொறுக்கக் கட்டிலின் கீழ் நுழையும் குழந்தையின் முகம்தான் அப்போது அதற்கு எட்டும்.

'எஜமான்' வாதத்தின் வேரைப் பாருங்கள். அடைத்து வைத்த ஓநாய்களை ஆராய்ந்து 1947இல் ருடொல்ஃப் ஷெங்கெல் எழுதியதிலிருந்து பரவியது அது. 1970இல் தமது நூலில் அதைப் பரப்பிய டேவிட் மெக் அவர்களே, காட்டு ஓநாய்க் கூட்டம் என்பது பெற்றோரும் குட்டிகளும் கொண்ட குடும்பம் என்று 1999இல் திருத்தி எழுதினார். 2009இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட ஆய்வில், அடியோ உதையோ பெற்ற நாய்களில் நூற்றுக்கு 43 வன்மத்தோடு எதிர்த்தன.

இனி நமது லயத்துக்கு வருவோம். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் ஐந்தாறு பேர். எவர் காலும் மிதிக்காத ஒரே இடம் கட்டிலின் அடிதான். ஒதுங்க ஒரு மூலை இல்லாத வாழ்வு எப்படிப்பட்டது என்பதை நம்மைவிட நன்கறிந்தவர் யார்? துரையின் அதட்டலுக்கும் கங்காணியின் தடிக்கும் நம் பாட்டன்மார் வாய்மூடி நின்றார்கள். அந்த மௌனத்தைப் பணிவு என்று எண்ணியவர்கள் ஏமாந்தார்கள்.

செய்ய வேண்டியது எளிது. ஒளிந்திருக்கும் நாயிடம் கையையோ விளக்குமாற்றையோ நீட்டாதீர்கள், சங்கிலியைப் பிடித்து இழுக்காதீர்கள். தள்ளி நின்று பெயர் சொல்லி அழையுங்கள், வெளியே வந்ததும் ஒரு துண்டு உணவு கொடுங்கள். இஸ்தோப்பின் ஓரத்தில் ஒரு சாக்கை விரித்து, அங்கே படுத்தால் எவரும் தொந்தரவு செய்வதில்லை என்று வீட்டில் விதி வையுங்கள். அது பழகியபின், நாய் வெளியே இருக்கும் நேரம் பார்த்துக் கட்டிலின் அடியைப் பலகையால் அடைத்துவிடுங்கள். காதுப்புண், பல்வலி, குட்டி ஈன்ற நிலை ஆகியவையும் உறுமலுக்குக் காரணமாகலாம். மிருக வைத்தியரிடம் காட்டுங்கள்.

ஒன்றை மட்டும் தனியே பிரித்தறிய வேண்டும். சாதுவாக இருந்த நாய் திடீரென இருட்டில் ஒதுங்கி, எச்சில் வடித்து, குணம் மாறினால் அது விசர்நோயாக இருக்கலாம். நெருங்காமல் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு அறிவியுங்கள். எந்த நாய் கடித்தாலும் காயத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே அரசாங்க வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். அங்கே தடுப்பூசி இலவசம். அறிகுறி தோன்றியபின் அந்நோய்க்கு மருந்தில்லை. மஞ்சளும் சுண்ணாம்பும் அப்பி வீட்டிலேயே இருந்துவிடுவது உயிரைப் பணயம் வைப்பதாகும்.

"மனிதனுக்கே இடமில்லை, நாய்க்கு மூலையா?" என்று கேட்பீர்கள். லயம் ஒழிந்து தனிவீடு வரவேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் அதுவரை நாம் கொடுக்க வேண்டியது ஒரு சாக்கு விரிக்கும் இடந்தான். அதையும் கொடுக்க மனமில்லாதவர் நாய் வளர்க்க வேண்டாம்.