வவுச்சர் இல்லாத கடனும், வவுச்சர் உள்ள கடனும்

டாம் வில்ஸ். கிரிக்கெட் பைத்தியங்களில் பாதிப் பேருக்குத் தெரியாத பெயர். ஆனால் மெல்போர்ன் கிரிக்கெட் மைதானத்துக்கு வெளியே மனுஷனுக்குச் சிலையே இருக்கிறது. முட்டை வடிவப் பந்தை வைத்துக்கொண்டு பக்கத்துக்குப் பதினெட்டு பேர் ஆடும் ஆஸ்திரேலிய ரூல்ஸ் ஃபுட்பாலின் 'தந்தை' இவர்தானாம்.

முதலில் இந்தத் 'தந்தை' ஜல்லியை நிறுத்துங்கள் சாமிகளா. 1858 ஜூலையில், குளிர்காலத்தில் கிரிக்கெட் ஆட்கள் சும்மா இருக்கக் கூடாது, ஒரு ஃபுட்பால் கிளப் வேண்டும் என்று பத்திரிகைக்குக் கடிதம் எழுதியவர் வில்ஸ். சரி. 1859 மே 17 அன்று மெல்போர்ன் கிளப்புக்கு விதிகள் எழுதியபோது ஹேமர்ஸ்லி, தாம்சன், ஸ்மித் என்று இன்னும் மூன்று பேர் கூட உட்கார்ந்திருந்தார்கள். மொத்தம் பத்தே விதி. நாலு பங்காளி சேர்ந்து ஆரம்பித்த கடைக்கு ஒருத்தர் பெயரில் மட்டும் போர்டு மாட்டினால் எப்படி?

அடுத்த சண்டை இன்னும் சூடானது. வில்ஸ் சிறுவயதில் விக்டோரியாவின் மேற்கே ஜாப் வுருங் மக்களின் பிள்ளைகளோடு வளர்ந்தவர், அவர்கள் மொழி பேசியவர். அந்தப் பகுதிப் பழங்குடியினர் போசம் தோல் பந்தை எட்டி உதைத்து, எகிறிப் பிடித்து ஆடிய ஆட்டத்தை மார்ன்கிரூக் என்கிறார்கள். அதிலிருந்துதான் இது வந்தது என்று ஒரு கட்சி. கட்டுக்கதை என்று இன்னொரு கட்சி. 2008-ல் வந்த நூற்றைம்பதாம் ஆண்டு அதிகாரப்பூர்வ வரலாற்று நூலே இரண்டாவது கட்சிப் பக்கம் சாய, பெரிய ரகளை.

பி.காம் படிக்கிறவன் பார்வையில் சொல்கிறேன். ஆட்டம் இருந்தது உண்மை. ஜேம்ஸ் டாசன் 1881-லேயே எழுதியிருக்கிறார். ஆனால் வில்ஸ் அதிலிருந்து எடுத்தார் என்பதற்கு அவர் கையெழுத்தில் ஒரு வரி கிடையாது. வவுச்சர் இல்லை. அதற்காக 'கொடுக்கல் வாங்கலே நடக்கவில்லை' என்று அடித்துப் பேசுகிறவர்களுக்கும் ஒரு கேள்வி: கணக்குப் புத்தகம் யார் கையில் இருந்தது? ஒரு தரப்பு மட்டுமே எழுதிய பேரேட்டில் இன்னொரு தரப்பின் வரவைத் தேடினால் எங்கே கிடைக்கும்?

என் கோபம் இங்கே இல்லை. வவுச்சர் இல்லாத கடனைப் பற்றி வருஷக்கணக்கில் வாய் கிழியப் பேசுகிறோமே, வவுச்சர் உள்ள கடன் என்ன ஆயிற்று?

1861 அக்டோபரில் குயின்ஸ்லாந்தில் வில்ஸின் அப்பா உட்பட 19 பேரைப் பழங்குடியினர் கொன்றார்கள். பதிலுக்கு வெள்ளையர்கள் கொன்றது நூற்றுக்கணக்கில் என்கிறார்கள் வரலாற்றாசிரியர்கள். பழிவாங்கலில் வில்ஸும் இருந்தார் என்று 1895-ம் வருஷத்து அமெரிக்கப் பத்திரிகைக் கட்டுரை ஒன்று 2021-ல் வெளியே வந்தது. நம்பலாமா என்று இன்னும் அடிதடி. ஆனால் இதே வில்ஸ்தான் 1866-ல் பழங்குடியினர் கிரிக்கெட் அணிக்குப் பயிற்சி கொடுத்து, பாக்ஸிங் டே அன்று மெல்போர்ன் மைதானத்தில் இறக்கினார். கூட்டம் அலைமோதியது. பிறகு அந்த அணியோடு சிட்னி போனார்கள். ஏற்பாடு செய்தவர் ஏமாற்ற, பயணம் நடுத்தெருவில் நின்றது.

1868-ல் வில்ஸ் இல்லாமல் அணி இங்கிலாந்து போய் 47 ஆட்டம் ஆடியது. ஜானி முல்லா 1698 ரன், 245 விக்கெட். கிங் கோல் என்ற வீரர் லண்டனிலேயே காசநோயில் செத்துப்போனார். மற்றவர்கள் ஊர் திரும்பினார்கள். பரிசு? 1869-ல் விக்டோரியாவில் ஒரு சட்டம். பழங்குடியினர் எங்கே வசிக்கலாம், எங்கே வேலை பார்க்கலாம் என்பதை இனி அரசாங்கம் தீர்மானிக்கும்!

இதெல்லாம் காகிதத்தில் இருக்கிறது. தேதி, தொகை, பெயர் எல்லாம் இருக்கிறது. இதற்கு நிரூபணச் சண்டை தேவையே இல்லை.

'அதெல்லாம் பழைய கதை' என்று ஆரம்பிப்பவர்களுக்கு: ஆடம் கூட்ஸ், இதே ஆட்டத்தின் உச்ச விருதை 2003, 2006 என இரண்டு முறை வாங்கிய பழங்குடி வீரர். இனவெறியை எதிர்த்துப் பேசினார் என்பதால் மைதானம் மைதானமாக ஊளையிட்டே 2015-ல் ஓய்வு பெற வைத்தார்கள். லீக் மன்னிப்புக் கேட்டது 2019-ல். நாலு வருஷம் கழித்து!

வில்ஸுக்கும் பெரிதாக எதுவும் மிஞ்சவில்லை. குடி, கடன், மனக்குழப்பம். 1880 மே 2 அன்று கத்தரிக்கோலால் தன்னையே குத்திக்கொண்டு 44 வயதில் செத்தார். நூறு வருஷம் கல்லறையில் பெயர்கூட இல்லை. இப்போது சிலை.

செத்தவருக்குச் சிலை வைப்பது சுலபம், மார்ன்கிரூக் பெயரில் விழா எடுப்பது அதைவிடச் சுலபம். இரண்டுக்கும் யாரும் எதையும் திருப்பித் தர வேண்டியதில்லை. 'எங்கள் ஆட்டமே அவர்களிடமிருந்து வந்ததுதான்' என்று பெருமை பேசுகிற ரசிகர், அடுத்த சனிக்கிழமை பழங்குடி வீரர் ஒருவரைப் பார்த்துப் பக்கத்து ஸீட்காரர் ஊளையிடும்போது வாயைத் திறப்பாரா? திறந்தால் அது முதல் தவணை. மார்ன்கிரூக் வழக்கை அப்புறம் பேசிக்கொள்ளலாம்.