வாடகை வீடும் எரிவாயுச் சான்றிதழும்

2025 ஏப்ரல் 1-ஆம் நாள் புத்ரா ஹைட்ஸில் நிலத்தடி எரிவாயுக் குழாய் தீப்பற்றியபோது நாடே பதறியது. அடுக்களைக் கலனைப் பற்றியோ எவரும் பேசுவதில்லை.

பிரிட்டனில் 1998-ஆம் ஆண்டு விதிகளின்படி, வீட்டுக்காரர் தாம் வாடகைக்கு விடும் வீட்டிலுள்ள தம் எரிவாயுக் கருவிகளை ஆண்டுதோறும் பதிவுபெற்ற வல்லுநரைக் கொண்டு சோதிக்க வேண்டும். சான்றின் படியை 28 நாள்களுக்குள் குடியிருப்போரிடம் தரவும் வேண்டும்.

ராசா, பெஸ்தாரி ஜெயா வட்டாரத்தில் தோட்டத்தை விட்டு வாடகை வீடு புகுந்த குடும்பங்கள் உண்டு. முன்பணம் பற்றிப் பேசுகிறோம். வீட்டோடு வந்த அடுப்பின் ரப்பர் குழாய்க்கு எத்தனை வயது என்று கேட்கிறோமா? சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையில்தான் தேங்கும். நம் பிள்ளைகள் வீட்டுப்பாடம் எழுதுவதும் தரையில்தான்!

அடுப்பு வீட்டுக்காரருடையதாயின் சோதனைச் செலவும் அவருடையதே என்பது என் கருத்து. பெற்றோர்களே, ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன் சோதித்த தேதியை எழுதித் தரச் சொல்லுங்கள்.