கால் மில்லிமீட்டர் வயர்

1970 பிளிமத் ஹெமி குடா காரை 25-ல் ஒரு பங்காகச் சுருக்கிய மாடல் கிட்டுகளில் இன்ஜின் பெரும்பாலும் மொட்டையாகத்தான் வரும். ஸ்பார்க் பிளக் வயர்களே இருக்காது. அசலில் 7 மில்லிமீட்டர் தடிமன் என்றால் மாடலுக்கு 0.28. மெல்லிய செம்புக் கம்பியைத் தேடிப்பிடித்து, வால்வு கவரின் நடுவில் ஊசித் துளையிட்டு, எட்டு சிலிண்டருக்கும் வயர் இழுக்க வேண்டும். ஹெமி இன்ஜினில் பிளக் உட்காரும் இடம் அதுதான். ஓரத்தில் செருகினால் விவரம் தெரிந்தவர் கண்ணை உறுத்தும்.

ரெடிமேட் பாகங்கள் கடையில் கிடைக்கின்றனவே என்பார்கள். கிடைக்கட்டும்.

1969 டாட்ஜ் சார்ஜர் டேடோனாவின் பின்னிறக்கையை பிளாஸ்டிக் தகட்டில் அளந்து வெட்டி, உப்புத்தாளில் தேய்த்துத் தானே செய்கிறவருக்குத்தான், அதன் 23 அங்குல உயரம் அதே சுருக்கத்தில் ஒரு அங்குலத்துக்குள் அடங்கும் கணக்கு கைக்குப் பழகுகிறது.